சேற்றில் கால் பதிந்த மனிதர்: மேற்கு மாம்பலத்தின் ஞாயிறு ஓவிய வகுப்பு

மேற்கு மாம்பலத்தில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில், பழைய வீடு ஒன்றின் மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் தைலவண்ண ஓவிய வகுப்பில் சென்ற அக்டோபர் மாதம் சேர்ந்து, பிப்ரவரி முதல் வாரத்தில் முடித்தேன். கிராமத்து நிலக்காட்சியில் ஒரு மனித உருவத்தை உள்ளது உள்ளபடி வரையக் கற்பிப்பதே அவ்வகுப்பின் நோக்கம். தீபாவளி, பொங்கல் விடுமுறைகள் நீங்கலாகப் பதினாறு ஞாயிறுகள். காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை. கட்டணம் 18,000 ரூபாய். சொல்லித்தரும் முறையில் இதற்கு இணையான வகுப்பை நான் கண்டதில்லை. நடத்தும் முறையில் திருத்திக்கொள்ள வேண்டியவை பல உண்டு. சேர எண்ணுபவர்களுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு புகைப்படம். எங்கள் ஊர் செய்யாற்றுக்கு அருகில் உள்ளது. என் தந்தை விடியற்காலையில் வயலுக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தபோது தம்பி கைபேசியில் எடுத்த அந்தப் படத்தைத் தவிர, வேலை செய்யும் கோலத்தில் அவருடைய படம் வேறு எதுவும் எங்களிடம் இல்லை. அதைப் பெரிய ஓவியமாக வரைய வேண்டும் என்ற எண்ணம் அவர் மறைந்த நாள்முதல் இருந்தது. பள்ளி நாட்களில் பென்சிலால் முகம் வரைந்து பரிசு வாங்கியவன் என்பதால், எளிதில் முடித்துவிடலாம் என்று நம்பித்தான் முதல் வகுப்புக்கே புகைப்படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போனேன்.

ஆசிரியரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் அழைக்கிறோம். அறுபதைக் கடந்தவர், பெரியமேட்டில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில், அதாவது 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழிவந்த கல்லூரியில் பயின்றவர். என் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தவர், "அப்பாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, கேமராவுக்கு அருகில் இருந்ததால் மண்வெட்டி பிடித்த கை பெரிதாகவும் தலை சிறிதாகவும் விழுந்திருப்பதையும், வானம் வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டதையும், முதுகின் நிழற்பக்கம் தார் பூசியதுபோல் கறுத்துப்போனதையும் விரலால் தொட்டுக் காட்டினார். கைபேசி ஒரு நேரத்தில் ஒரு வெளிச்ச அளவுக்குத்தான் ஈடுகொடுக்கும் என்றும், நம் கண்ணோ வானத்தையும் நிழலையும் மாறிமாறிப் பார்த்து இரண்டிலும் நிறத்தைக் கண்டுகொள்ளும் என்றும் விளக்கினார். "இந்தப் படத்தைப் பத்திரமா உள்ள வைங்க தம்பி. பத்து வாரம் கழிச்சு எடுக்கலாம்" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அவர் சொன்ன பத்து வாரத்தில் ஒரு வாரத்தைக்கூட இப்போது குறைக்க மாட்டேன்.

முதல் ஐந்து வாரங்கள் கரிக்கோல் பயிற்சி. உடலைத் தலையின் அளவால் அளப்பது (நிற்கும் மனிதர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம்), நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்ப்பது, கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சத்தையும் நிழலையும் இரண்டே திட்டுகளாகப் பிரிப்பது என்று வழக்கமான பாடங்கள்தாம். இவற்றில் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது, மூன்றாம் வாரம் விடியற்காலையில் மெரினா உழைப்பாளர் சிலைக்கு எங்களை அழைத்துச் சென்றது. 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-இல் நிறுவப்பட்ட அச்சிலையை எத்தனையோ முறை பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். பாறையை நெம்பும் அந்த நான்கு பேரில் ஒவ்வொருவரின் பாரமும் எந்தப் பாதத்தின் வழியாகத் தரைக்குப் போகிறது என்று கரிக்கோலால் தேடியபோதுதான், என் தந்தையை நான் வரைந்து வைத்திருந்த பழைய படங்களில் அவர் ஏன் மிதப்பதுபோல் இருந்தார் என்பது புரிந்தது. கைகால்களை மட்டும் நான் வரைந்திருந்தேன், பாரத்தை வரையவில்லை. வேலை செய்யும் உடலை வரைய விரும்புவோர் வகுப்பில் சேராவிட்டாலும் ஒரு நாள் காலை அங்கே போய் உட்காரலாம். கடல்பக்கத்திலிருந்து வரும் இளவெயிலில் தசைகளின் திருப்பம் தெளிவாகத் தெரிகிறது.

வகுப்பில் சேர்ந்த பதினான்கு பேரில் பாதிப்பேர், 2021-இல் கொரோனாவால் மறைந்த ஓவியர் இளையராஜாவின் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கும்பகோணம் பகுதியில் பிறந்து வளர்ந்த அவர் வரைந்த கிராமத்துப் பெண்களைப் புகைப்படம் என்றே பலர் எண்ணியதுண்டு. மாஸ்டர் அந்த வியப்பைக் குறைத்துப் பேசவில்லை. அவ்வோவியங்களில் முகத்தின் மேல் விழும் வெளிச்சம் எந்த வாசல் வழியாக, எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்பதை ஒவ்வொருவரையும் காட்டச் சொன்னார். தலைமுடி இழைகளையும் சேலைக் கரையையும் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அன்றுதான் வெளிச்சம் வந்த திசையைத் தேடினோம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ரவிவர்மாவின் ஓவியங்களையும் இதே கேள்வியோடு போய்ப் பார்க்கச் சொன்னார். போக விரும்புவோர் வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதை நினைவில் கொள்க.

இனி இவ்வகுப்பின் உயிரான பகுதிக்கு வருகிறேன். ஆறாம் வாரம் முதல் உருவமும் நிலமும் ஒன்றாகச் சேர்கின்றன. அதுவரை நான் ஆளைத் தனியாக, வயலைத் தனியாக வரையப் பழகியிருந்தேன். இரண்டையும் ஒரே படத்தில் வைத்தபோது மாஸ்டர் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "ஆளை நல்லா வரைஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா அவர் வயல்ல நிக்கலை. ஸ்டுடியோவுல வயல் படம் போட்ட திரைக்கு முன்னாடி நிக்கிறார்." அதன்பின் வந்த வாரங்கள் முழுவதும் அந்தத் திரையை அகற்றும் வேலைதான்.

முதலில் தொடுவானக் கோடு. வரைபவர் சமதரையில் நின்றால், அவர் உயரமே உள்ள மனிதர்கள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் அத்தனை பேரின் கண்களையும் அக்கோடு கடந்து செல்லும். வரைபவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் அதே கோடு நிற்பவர்களின் மார்புக்கு அருகில் இறங்கிவிடும். வயலோ வரப்பைவிட ஒரு முழம் பள்ளம் என்பதால், வரப்பில் நின்று வரைபவருக்கு வயலுக்குள் நிற்பவரின் தலை அவ்வளவுக்கு இறங்கித் தெரியும். இந்த ஒரு கணக்கைத் தவறவிட்டதால்தான் என் படத்தில் தொலைவில் நாற்று நட்டவர்கள் சிறுபிள்ளைகள்போல் தெரிந்தார்கள். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள, பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-இல் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களின் ஓவியத்தை இதற்காகவே திரையிட்டுக் காட்டினார். மூவரில் நன்றாகக் குனிந்திருக்கும் இரண்டு பெண்களும் தொடுவானத்துக்குக் கீழேயே அடங்கிக் கிடக்கிறார்கள். அவர்களின் முதுகை மண் இழுத்துப் பிடித்திருப்பதுபோன்ற உணர்வு அந்த இட அமைப்பினாலேயே வந்துவிடுகிறது. முகங்களைக் கூர்ந்து வரைய வேண்டிய தேவைகூட ஏற்படவில்லை.

அடுத்தது வெண்மை. வெள்ளை வேட்டி என்றதும் வெள்ளை வண்ணக் குழலைப் பிதுக்குவது எங்கள் எல்லோருடைய பழக்கமாகவும் இருந்தது. மாஸ்டர் ஒரு பழைய திருமண அழைப்பிதழ் அட்டையில் மிளகு அளவில் இரண்டு துளைகள் போட்டுக் கொடுத்தார். மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த வேட்டியின் நிழற்பக்கத்தை ஒரு துளை வழியாகவும், வெயில் விழுந்த காய்ந்த மண்தொட்டியை மற்றொரு துளை வழியாகவும் பார்த்தபோது, வேட்டிதான் இருண்டிருந்தது. அதன் நிறமும் வெளிர்நீலம் கலந்த சாம்பலாக இருந்தது. இது வேட்டி, அது மண் என்ற எண்ணம் விலகினால்தான் நிறம் கண்ணுக்குத் தெரியும் என்பதை எத்தனை வார்த்தைகளில் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்த அட்டையை இப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

தோல் நிறம் பற்றிய பாடத்துக்காக மட்டுமே இரண்டு ஞாயிறுகள் ஒதுக்கப்பட்டன. நம் ஊர் மனிதர்களின் கருமையான தோலைப் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்போடு கறுப்பைக் கலந்து பூசினால் அது உயிரற்ற பலகைபோல் ஆகிவிடுகிறது. ஆகவே கறுப்புக் குழலே வகுப்பில் கிடையாது. பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம், அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு), யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), லெமன் யெல்லோ, டைட்டானியம் வெள்ளை என ஆறே குழல்கள்தாம். வியர்த்த கரிய தோள் வெயிலில் கண்ணாடிபோல் வானத்தை வாங்கிக்கொள்கிறது. தோள்பட்டையின் மேல்விளிம்பில் விழும் ஒளித்திட்டில் அதனால்தான் நீலச்சாயல் இருக்கிறது. தாடைக்கும் புஜத்துக்கும் அடியிலோ, வெயில்பட்ட தரையிலிருந்து எழும் செம்மை ஏறுகிறது. நிழலுக்குள்ளேயே இப்படி மேற்புறம் குளிர்ச்சியாகவும் அடிப்புறம் வெதுவெதுப்பாகவும் நிறங்களை வைத்தபோது, வானத்துக்கும் மண்ணுக்கும் இடையில் அந்த மனிதர் முதன்முறையாக நின்றார். இளநாற்றின் பச்சையையும் குழலிலிருந்து எடுக்கக் கூடாது. லெமன் யெல்லோவும் அல்ட்ராமரைனும் கலந்து, அதில் தோலுக்குப் பயன்படுத்திய பர்ன்ட் சியென்னாவைத் துளி சேர்த்தால், ஆளும் பயிரும் ஒரே குடும்பத்து நிறங்களாகிவிடுகின்றன.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு, மதுராந்தகத்துக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துக்கு வேனில் சென்றோம். தை மாதத்தை ஒட்டி வரும் நவரை நெல் பருவத்தின் நடவு நடந்துகொண்டிருந்தது. மடை மாற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் மாஸ்டர் முறையாக அனுமதி கேட்டு, அன்றைய கூலியையும் முன்னதாகவே கொடுத்துவிட்டு நிற்கச் சொன்னார். கால்மணி நேரம் நின்றவர், "நின்னுகினே இருந்தா தண்ணி என்ன பண்ணும் சார்?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அதுவே எங்களுக்கு நன்மையாயிற்று. மண்வெட்டியை ஓங்கும்போதும் மண்ணை இழுக்கும்போதும் திரும்பத் திரும்ப வரும் அதே நிலைகளுக்காகக் காத்திருந்து வரைந்தோம். எட்டுக்குப் பத்து அங்குலச் சிறு பலகையில் முதல் இருபது நிமிடங்களுக்குள் நிழலின் திசையைக் குறித்துவிட வேண்டும். அதன்பின் சூரியன் எங்கே போனாலும் அதை மாற்றக் கூடாது என்பது அன்றைய விதி.

நான் அந்த இரண்டு மணி நேரத்தையும் அவருடைய முழங்காலுக்குக் கீழேயே செலவிட்டேன். சேற்று நீரில் கால் நுழையும் இடத்தில் கோடு என்று எதுவும் இல்லை. காலின் ஒருபக்கம் வானத்தின் வெளிச்சம் நூல்போல் ஒட்டியிருந்தது. மறுபக்கம் காலின் நிறமும் நீரின் நிறமும் கலந்து, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. தெளிந்த நீராக இருந்தால் பிரதிபலிப்பு மட்டுமே எடுப்பாகத் தெரியும். கலங்கிய நீரில் மண்துகள்கள் இருப்பதால் நிழலும் அதன்மேல் விழுகிறது. பிரதிபலிப்பு பார்ப்பவரை நோக்கி நேராகக் கீழிறங்குகிறது. நிழல் சூரியனுக்கு எதிர்த்திசையில் சாய்ந்து போகிறது. இவ்விரண்டையும் ஒரே கறுப்புத் திட்டாகப் போட்டதால்தான் என் பழைய படத்தில் தந்தையின் கால் தரைமேல் வைத்த கட்டைபோல் இருந்தது. வெளிச்சமான பொருளின் பிரதிபலிப்பு சற்று இருண்டும், இருண்ட பொருளின் பிரதிபலிப்பு சற்று வெளுத்தும் தெரியும் என்பதையும் அங்கேயே, பெரியவரின் வேட்டியையும் காலையும் காட்டி மாஸ்டர் விளக்கினார். இந்த ஒரு காலைப்பொழுதுக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் வசதியாக நின்று வரையக்கூடிய கூடத்தில் பதினான்கு பேரைச் சேர்த்திருந்தார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் தம் படத்திலிருந்து நான்கடி பின்வாங்கிப் பார்க்க முடியாது. தைலவண்ணத்தில் அப்படிப் பின்வாங்கிப் பார்ப்பது பாதி வேலை. ஜன்னல் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் உள்வரிசைக்கு வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம்தான். அதில் சரியாகக் கலந்ததாகத் தோன்றிய தோல் நிறம் வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பச்சை ஓடிக் கிடக்கும். வண்ணத்தை நீர்க்கவைக்கும் டர்பன்டைனின் நெடிக்கு ஒரே ஒரு காற்றுவெளியேற்றி மட்டும் இருந்தது. மூச்சிரைப்பு உள்ள அம்மா ஒருவர் ஏழாம் வாரத்தோடு நின்றுவிட்டார், அவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

எனக்கு மிகவும் கவலை அளித்தது, வண்ணத்தில் கலக்கும் ஆளி எண்ணெய் தோய்ந்த துணிகளை மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் குவித்து வைத்திருந்ததுதான். ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் துணி தானாகவே தீப்பற்றும். நானும் இன்னொருவரும் இதை எடுத்துச் சொன்ன பிறகு, தண்ணீர் ஊற்றிய மூடிபோட்ட தகர டின் ஒன்றை வைத்தார்கள். இது தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு.

பணத்தைப் பொறுத்தவரை, 18,000 ரூபாயில் எல்லாம் அடங்கும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். சேர்ந்த பிறகுதான் வண்ணம், தூரிகை, கித்தான் ஆகியவற்றுக்கு 6,000 ரூபாயும் வேன் செலவுக்கு 1,200 ரூபாயும் தனி என்று தெரிந்தது. பொருட்களை அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. நவம்பரில் பெருமழை காரணமாக நடக்காத ஒரு வகுப்புக்கு ஈடாக வேறு நாள் தரவில்லை. அதன் விளைவு கடைசியில் தெரிந்தது. தைலவண்ணத்தில் கீழடுக்கில் டர்பன்டைன் மிகுந்தும் மேலடுக்குகளில் எண்ணெய் மிகுந்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே உள்ள வண்ணம் நாளடைவில் வெடிக்கும். ஒவ்வோர் அடுக்கும் உலர நாட்கள் வேண்டும். எங்கள் இறுதிப் படத்துக்கோ மூன்றே வாரங்கள்தாம் மிஞ்சின. ஈரம் காயாத வானத்தின்மேல் பனைமரங்களை வரைய நேர்ந்து, என்னுடையது உட்பட நான்கைந்து படங்களில் தொலைவு மரங்கள் சேறாகிவிட்டன. இருபது வாரங்களாக நீட்டி, கட்டணத்தையும் அதற்கேற்ப வெளிப்படையாகச் சொல்வதுதான் நேர்மையான வழி. மாஸ்டரும் அதையே விரும்புகிறார் என்று நினைக்கிறேன்; நிர்வாகம் அவர் கையில் இல்லை.

பதினெட்டுக்கு இருபத்துநான்கு அங்குலக் கித்தானில் தந்தையின் ஓவியத்தை முக்கால் பங்கு முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய புகைப்படத்தை மாஸ்டர் பதினொன்றாம் வாரம் எடுக்கச் சொன்னார். அதிலிருந்து முகச்சாயலையும் முண்டாசுக் கட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்; வெளிச்சம், வானம், சேறு எல்லாம் மதுராந்தகத்துப் பலகையிலிருந்து வந்தவை. என் தாயார் படத்தின் முன் நின்று வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பா எடது கையத்தான் முன்னாடி புடிப்பாரு" என்றார். புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். இடது கைதான் முன்னால் இருக்கிறது. வயலில் வரைந்த பெரியவரின் பிடியை நான் அப்படியே என் தந்தைக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். இரண்டு கைகளையும் சுரண்டி எடுத்துவிட்டு, அம்மாவையே மண்வெட்டியைப் பிடித்துக் காட்டச் சொல்லி மீண்டும் வரைந்து வருகிறேன்.

அடுத்த பிரிவு ஜூனில் தொடங்குவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே பென்சிலில் உருவம் வரையத் தெரிந்தவர்களுக்கு இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முற்றிலும் புதியவர்களுக்கு முதல் ஐந்து வாரங்களின் வேகம் கடினமாக இருக்கும். பணம் கட்டும் முன் எத்தனை பேர் சேர்கிறார்கள், எது எதற்குத் தனிக் கட்டணம், நடக்காத வகுப்புக்கு ஈடு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே அரைமணி முன்னதாகப் போய் ஜன்னல் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் இடம் மாற்றித் தருவதில்லை. ஜூன் பிரிவினரின் வயல் பயணம் நவரை நடவு நாட்களில் வராது என்பதால், அந்த நடவைப் பார்த்து வரைய விரும்புவோர் என்னைப்போல் அக்டோபர் பிரிவில் சேருவது நல்லது.